தீவனச் சாக்கில் ஒரு கல்யாண மோதிரம்

மாட்டுத் தீவன மூட்டையைப் பிரிக்கும்போது கவனித்திருப்பீர்கள். வாயில் போட்டிருக்கும் தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் அவிழ்ந்து நூல் கையோடு வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் அசையாது, கத்தியைத்தான் தேட வேண்டும். சங்கிலித் தையலின் குணம் அது. 1930-களில் அமெரிக்காவின் கான்சஸ், மிசௌரி, ஓக்லஹோமா பக்கத்துப் பண்ணை வீடுகளில் அந்தச் சரியான முனையைத் தேடிப் பிடிப்பது முக்கியமான வேலையாக இருந்தது. கத்தி போட்டால் துணி கிழிந்துவிடும். இழுத்த நூலை உருண்டையாகச் சுற்றிப் பத்திரப்படுத்துவார்கள். சாக்கை ஊறப்போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போடுவார்கள். அன்றைய தீவனச் சாக்கு பிளாஸ்டிக் அல்ல, பருத்தித் துணி.

கோதுமை மாவு, சர்க்கரை, உப்பு, விதை, கோழித் தீவனம் எல்லாமே துணி மூட்டையில்தான் வந்தன. 100 ராத்தல் தீவனச் சாக்கைப் பிரித்து விரித்தால் ஒரு கஜத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் துணி கிடைக்கும். மூன்று சாக்கு இருந்தால் ஒரு பெண்ணுக்குக் கவுன் தைக்கலாம். ஆரம்பத்தில் அவை வெறும் வெள்ளைச் சாக்குகள்தான். கம்பெனியின் பெயர் பெரிதாக மையில் அச்சாகியிருக்கும். அதைப் போக்கப் பன்றிக் கொழுப்பைத் தடவுவார்கள், மண்ணெண்ணெயில் ஊறவைப்பார்கள், காரச் சோப்புப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். அப்படியும் எழுத்து போகாமல் பெயரோடு உள்ளாடை அணிந்த பிள்ளைகளைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் அங்கே நிறைய. 1920-களின் நடுவிலிருந்து மில்காரர்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. தீவனத்துக்குக் காசு கொடுப்பவர் கணவராக இருந்தாலும் எந்த மூட்டை என்று முடிவு செய்வது மனைவி. அதன் பிறகு சாக்கில் பூப்போட்டார்கள், கட்டம் போட்டார்கள், கம்பெனிப் பெயரைத் தண்ணீரில் ஊறினால் வந்துவிடும் காகிதச் சீட்டில் அச்சிட்டார்கள். கடைக்குப் போகும் கணவர் பழைய சாக்கின் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதே பூ அடியில் இருந்தால் மேலே உள்ள மூட்டைகளையெல்லாம் நகர்த்தச் சொன்ன கதைகளும் உண்டு. கடைக்காரர் பாடு பாவம்.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் காலம் சிரிப்பாக இல்லை. 1929-ல் ராத்தல் 16 சென்ட்டுக்கு மேல் விற்ற பருத்தி, 1931-ல் 6 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. எடுப்புக் கூலிக்கே கட்டவில்லை என்று எத்தனையோ பேர் செடியிலேயே விட்டார்கள். பருத்தி விளைவித்தவர் வீட்டில் பருத்தித் துணி வாங்கக் காசில்லை. விற்ற பருத்தி தீவனச் சாக்காக அவர் வீட்டுக்கே திரும்பி வந்தபோதுதான் பிள்ளைகளுக்குச் சட்டை கிடைத்தது. இதில் உள்ள கொடுமையைப் பருத்தி போட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சட்டையும் கவுனும் வெட்டியது போக மிஞ்சுவது அக்குள் ஓரத்துத் துண்டு, கழுத்துத் துண்டு, விரல் நீள நாடா. அவற்றையும் தூக்கிப் போடவில்லை. அந்த ஊர்க் குளிரில், அடுப்பு அணைந்த பின் வீட்டுக்குள் வைத்த தண்ணீரே உறைந்துவிடும். போர்வை அங்கே அலங்காரப் பொருளல்ல. துண்டுத் துணிகளை இணைத்து மேல் துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்து நெருக்கமாகக் கையால் தையலோட்டினால் கனமான போர்வை ஆகிவிடும். இதை அவர்கள் ‘குயில்ட்’ என்பார்கள். நாம் ஒட்டுப் போர்வை என்று வைத்துக்கொள்ளலாம்.

சதுரம் சதுரமாக வெட்டி நேர்கோட்டில் தைத்தால் வேலை சீக்கிரம் முடியும். குளிருக்கு அதுவே போதும். ஆனால் அந்தப் பஞ்ச காலத்தில் பண்ணை வீடுகளில் அதிகம் பேர் ஆசைப்பட்டுத் தைத்த மாதிரிகளில் ஒன்று ‘டபுள் வெடிங் ரிங்’. இரட்டைக் கல்யாண மோதிரம் என்று பொருள். போர்வை முழுக்க வளையங்கள், ஒவ்வொன்றும் பக்கத்து வளையத்தோடு சங்கிலிபோலக் கோத்துக்கொண்டு நிற்கும். நேர்கோட்டுத் தையல் அதில் குறைவு, பெரும்பாலும் வளைவுதான். 1928-ல் பத்திரிகைகளில் இதன் மாதிரி வெளியானதும் ஊர் ஊராகப் பரவியது. ‘கான்சஸ் சிட்டி ஸ்டார்’ என்ற பத்திரிகை 1928 முதல் 1961 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டுப் போர்வை மாதிரிகளை அச்சிட்டது. அதன் விவசாயிகளுக்கான வாரப் பதிப்பிலும் அவை வந்தன. பல மாதிரிகளை அனுப்பியவர்கள் வாசகிகளே. பருத்தி விலைக்கும் பன்றி நோய்க்கும் நடுவே ஒரு மூலையில் அச்சான படத்தை வெட்டி, அட்டையில் ஒட்டி, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து வைத்தார்கள்.

வளைவைத் தைப்பதில் அப்படி என்ன கஷ்டம்? ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கையின் மேல்பகுதி வெளியே வளைந்திருக்கும். அது போய்ச் சேர வேண்டிய அக்குள் பகுதி உள்ளே குழிந்திருக்கும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூட்டும் சாவியும்போலப் பொருந்தும். ஆனால் தைப்பதற்காக ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பிப் போட்டதும் ஒன்று கிழக்கே வளைகிறது, மற்றது மேற்கே வளைகிறது. புதிதாகத் தைப்பவர் வெட்டியதில்தான் தப்பு என்று நினைத்துத் துணியைத் தூக்கி எறிவது இந்த இடத்தில்தான்.

போரடிக்கும் களத்தை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். பிணைத்துக் கட்டிய மாடுகளில் உள்பக்கத்து மாடு கொஞ்சம்தான் நடக்கும். வெளிப்பக்கத்து மாடு அதே சுற்றுக்கு அதிக தூரம் நடக்க வேண்டும். அதனால்தான் கிழட்டு மாட்டை உள்ளே கட்டுவார்கள். துணியிலும் இதே கதை. தையல் ஓடும் கோடு இரண்டு துண்டிலும் ஒரே நீளம். ஆனால் தையலுக்காக விடும் கால் அங்குல ஓரம் வெளியே வளைந்த துண்டில் கோட்டுக்கு வெளியே இருக்கிறது, குழிந்த துண்டில் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. ஒன்றின் விளிம்பு நீளம், மற்றதின் விளிம்பு குட்டை. கால் வட்டத்துக்கு இந்த வித்தியாசம் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். வட்டம் சிறியதோ பெரியதோ, இந்த அளவு மாறாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குட்டையான விளிம்பை அந்த முக்கால் அங்குலத்துக்கு இணங்க வைப்பதுதான் வளைவுத் தையலின் மொத்த வித்தையும்.

இணங்க வைக்க வழி துணியிலேயே இருக்கிறது. பாவு நூல் வாட்டத்திலோ ஊடை நூல் வாட்டத்திலோ துணியைப் பிடித்து இழுத்தால் கொடுக்காது. மூலைவாட்டில் இழுத்தால் கொடுக்கும். தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்வது இதைத்தான். கால் வட்டத் துண்டின் இரண்டு நேர் ஓரங்களும் நூல் வாட்டத்தில் இருந்தால், வளைவின் நடுப்பகுதி தானாகக் கிராஸில் விழும். அங்கே துணி நெகிழும், இரண்டு முனையிலும் நெகிழாது. முனையிலிருந்து இழுத்து இழுத்துத் தைத்துக்கொண்டு போனால் கடைசியில் சுருக்கம் விழுவது இதனால்தான். அனுபவப்பட்டவர்கள் நடுவில் முதல் ஊசியைக் குத்திவிட்டுத்தான் முனைகளுக்கு வருவார்கள். தீவனச் சாக்கோ நெசவு தளர்ந்த துணி. மில் துணியைவிட நெகிழ்வு அதிகம். அது உதவியும்கூட, உபத்திரவமும்கூட. அழுத்திப் பிடித்தால் வளைவே கோணிப்போகும்.

இதைப் பழகிக்கொள்ளப் பண்ணை வீடுகளில் வேறொரு மாதிரி இருந்தது. பெயர் ‘டிரங்கர்ட்ஸ் பாத்’, குடிகாரன் நடை! ஒரு சதுரம், அதன் ஒரு மூலையில் கால் வட்டம், அவ்வளவுதான் அதன் அடிப்படை. அந்தச் சதுரங்களை இப்படியும் அப்படியும் திருப்பி அடுக்கினால் போர்வையில் ஒரு பாதை தள்ளாடித் தள்ளாடி மூலைக்கு மூலை போகும். 1874-ல் அமெரிக்கக் கிறித்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் தொடங்கியபின், அதைச் சேர்ந்த பெண்கள் நீலம் வெள்ளையில் இந்த மாதிரியைத் தைத்து நிதி திரட்டியதாகச் சொல்வார்கள். மகனை இந்தப் போர்வையில் படுக்கவைத்தால் குடிகாரனாகிவிடுவான் என்று பயந்த தாய்மார்களும் இருந்தார்களாம். சாராயக்கடை எதிரே உட்கார்ந்து போராடிய நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தப் போர்வையைக் காட்டினால் பெயரைக் கேட்ட உடனே படம் புரிந்துவிடும்.

கல்யாண மோதிர மாதிரி இதைவிடப் பல மடங்கு கடினம். வளையத்தின் பட்டை ஒரே துணியல்ல. ஆப்புப்போல ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய ஆறு சின்னத் துண்டுகளை இணைத்தால் ஒரு வில் கிடைக்கும். அந்த வில்லைக் கண் வடிவத் துண்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் தைக்க வேண்டும். இன்னொரு வில்லை, அதன் இரண்டு முனையிலும் ஒரு சின்னச் சதுரத்தைச் சேர்த்து, மறுபக்கத்தில் தைக்க வேண்டும். இப்படி நான்கு கண்களை, நான்கு பக்கமும் குழிந்த ஒரு பெரிய துண்டைச் சுற்றிப் பொருத்தினால் ஒரு வளையம். அகலத்தில் 6, நீளத்தில் 7 வளையம் வைத்தால் 97 கண்கள், 194 வில்கள். துண்டுகளை எண்ணினால் 1,500-க்கு மூன்று குறைவு. அத்தனையும் ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில், பால் கறந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு.

தப்பு சின்னதாகத்தான் தொடங்கும். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துண்டிலும் அரை மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்துத் தைத்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஆறு துண்டும் இரண்டு சதுரமும் சேர்ந்த வில்லில் ஏழு இணைப்பு. ஏழு மில்லிமீட்டர் குறைந்துபோகும். அந்த வில் கண்ணோடு சேராது. இழுத்துச் சேர்த்தால் கண் குமிழ்போல எழும்பும். ஒரு வளையத்தில் எழும்பியது பக்கத்து வளையத்தைத் தள்ளும். பாதிப் போர்வை தைத்தபின் தரையில் விரித்தால் அது படுக்காமல் அங்கங்கே மேடு தட்டி நிற்கும். பிரிப்பதைத் தவிர வழியில்லை. இன்றைக்கும் அமெரிக்காவின் பழைய பொருள் கடைகளில், பஞ்சு வைக்காமல், அடித்துணி சேர்க்காமல், மேல் துணியோடு நின்றுபோன கல்யாண மோதிரப் போர்வைகள் கிடைக்கின்றன. ஏன் நின்றது என்று அந்தத் துணியே சொல்லும். ஓரத்துக்கு ஓரம் தட்டையாக இருந்தால் தைத்தவருக்கு வாழ்க்கையில் வேறு ஏதோ வந்துவிட்டது. நடுவில் மேடு தட்டியிருந்தால் வெறுத்துப்போய் அலமாரியில் வைத்துவிட்டார்.

இத்தனை கஷ்டமான மாதிரியை, நெசவு தளர்ந்த சாக்குத் துணியில், ஏன் இத்தனை பேர் எடுத்தார்கள்? ஒரு காரணம் சிக்கனம். ஆப்புத் துண்டு இரண்டு விரல் அகலம் இருந்தால் போதும். வேறு எதற்கும் ஆகாத துணுக்குகூட வளையத்தில் இடம் பிடித்துவிடும். வில்லுக்கு ஆறு துண்டில் ஆறும் வேறு வேறு பூவாக இருப்பதுதான் அழகு. பொருந்தாத துணிதான் கைவசம் இருக்கிறது என்ற குறையே இங்கே தேவையாகிவிடுகிறது.

இன்னொரு காரணம் பெயரிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1929-ல் ஆயிரம் பேருக்குப் பத்து என்ற கணக்கில் நடந்த கல்யாணங்கள் 1932-ல் எட்டுக்கும் கீழே போயின. நிச்சயமான கல்யாணமும் தள்ளிப்போனது. மாப்பிள்ளைக்கு வேலை இல்லை, பெண் வீட்டில் பயிர் இல்லை. தனியாக வீடு பார்க்க யாரிடமும் பணம் இல்லை. கான்சஸிலும் ஓக்லஹோமாவிலும் இதற்கு மேல் புழுதிப் புயல் வந்தது. உழுது வெறுமையாகக் கிடந்த மண் காற்றோடு எழும்பி வீட்டுக்குள் வந்தது. 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி பகலே இருட்டாகிவிட்டது. ஜன்னலில் ஈரத் துணி கட்டித்தான் மூச்சு விட்டார்கள். அந்த நிலையில் ஒரு தாய் மகளுக்கு என்ன சேர்த்துவைக்க முடியும்? நகை கிடையாது. பசுவை விற்றாகிவிட்டது. சாக்கு இருக்கிறது, ஊசி இருக்கிறது, ராத்திரி நேரம் இருக்கிறது. கல்யாணம் எந்த வருஷம் நடக்கும் என்று தெரியாவிட்டாலும் வளையங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். ஒரு வருஷம் தள்ளிப்போனால் இன்னும் இரண்டு வரிசை சேரும். அந்த மகள் சின்ன வயதில் போட்ட சட்டையின் துண்டு ஒரு வளையத்திலும், தங்கை சட்டை அடுத்த வளையத்திலும், இறந்துபோன பாட்டியின் சமையல் ஏப்ரன் இன்னொன்றிலும் இருக்கும். புகுந்த வீட்டுக்குப் போன பெண் அதைப் போர்த்திப் படுக்கும்போது யார் யார் கூட வந்திருக்கிறார்கள் என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் இப்படிப் பாசமாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. கைவேலைக்கு அன்றும் சரியான கூலி இல்லை. 1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி ஒரு பெரிய வணிக நிறுவனம் போர்வைப் போட்டி வைத்தது. முதல் பரிசு 1,000 டாலர், ஒரு விவசாயக் குடும்பம் கனவிலும் காணாத தொகை. ஏறக்குறைய 25,000 போர்வைகள் வந்து குவிந்தன. முதல் பரிசு வாங்கிய போர்வையில் பரிசு வாங்கியவர் ஒரு தையல்கூடப் போடவில்லை என்பது பல வருஷங்களுக்குப் பிறகுதான் வெளியே வந்தது. கூலிக்குத் தைத்துக் கொடுத்த பெண்களுக்குப் பரிசில் பங்கில்லை. அந்தக் காலத்தில் வேலை போய்விட்டால் வேறு வேலை கிடையாது என்பதால் வாயைத் திறக்கவும் இல்லை. அந்தப் போர்வை வெள்ளை மாளிகைக்கு ஜனாதிபதியின் மனைவிக்குப் போனது, அதன் பிறகு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. விளைவித்தவர் ஒருவர், விலை வாங்குபவர் வேறொருவர் என்பது நமக்கும் பழக்கமான ஏற்பாடுதான்.

துணிச் சாக்கின் காலம் 1950-களில் முடியத் தொடங்கியது. காகிதப் பை வந்தது, பிறகு பிளாஸ்டிக் வந்தது. மில்லுக்குச் செலவு குறைந்தது, எலி கடிப்பதும் குறைந்தது. பூப்போட்ட சாக்கைத் தேடி யாரும் மூட்டையைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

நம் வீடுகளில் தீவனப் பையைப் பிரித்தால் கிடைப்பது பிளாஸ்டிக் இழை. அது படுதாவுக்கு ஆகும், போர்வைக்கு ஆகாது. ஆனால் பழைய நூல் புடவை, வேட்டி இல்லாத வீடு இல்லை. வளைவுத் தையலைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் குடிகாரன் நடையிலிருந்து தொடங்குவது நல்லது. ஆறு அங்குலச் சதுரம் ஒன்றை அட்டையில் வரைந்து, ஒரு மூலையிலிருந்து நான்கு அங்குலத்தில் கால் வட்டம் போட்டு, கோட்டின் மேல் வெட்டினால் இரண்டு அச்சு கிடைக்கும். அச்சைத் துணியின் பின்பக்கம் நூல் வாட்டம் பார்த்து வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். அதுதான் தையல் கோடு. வெட்டும்போது சுற்றிலும் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். கல்யாண மோதிரத்தை இதே வழியில் முதலிலேயே எடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் பாதியில் விட்டுவிடுவார்கள், வேண்டாம்.

இரண்டு துண்டையும் நடுவில் மடித்து விரல் நகத்தால் அழுத்தி அடையாளம் வையுங்கள். குழிந்த துண்டின் ஓரத்தில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்ன வெட்டு கொடுக்கலாம். வெட்டின் ஆழம் அரைக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தையல் கோட்டையே தொட்டுவிடும். குழிந்த துண்டு மேலே இருக்கட்டும். முதலில் நடுவில் குண்டூசி, பிறகு இரண்டு முனை, பிறகு இடையில் இரண்டிரண்டு. ஓரங்கள் ஒன்றோடொன்று சேரும்படி விரலால் தள்ளிக்கொண்டே பென்சில் கோட்டின் மேல் சின்னச் சின்ன ஓட்டுத் தையல் போடுங்கள். மிஷினில் தைத்தால் மிதியை நிதானமாக மிதித்து, அங்கங்கே நின்று பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். தைத்து முடித்ததும் இஸ்திரிப் பெட்டியை இழுக்காதீர்கள், தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் கிராஸில் விழுந்த நடுப்பகுதி நீண்டுவிடும்.

பழைய துணியோடு புதுத் துணியைச் சேர்ப்பதாக இருந்தால் புதியதை இரண்டு முறை அலசிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் புதியது மட்டும் சுருங்கி, இத்தனை நேரம் பார்த்துப் பார்த்துப் படுக்கவைத்த வளைவெல்லாம் எழும்பிவிடும். பதினாறு சதுரம் தைத்துச் சேர்த்தால் இரண்டு அடிக்கு இரண்டு அடி வரும், தொட்டில் குழந்தைக்குப் போதும்.